டாக்டர் பன்னாலாலின் பிறப்பும் பதவியும்

ஈ. எம். போர்ஸ்டர் 1924இல் வெளியிட்ட 'இந்தியாவுக்கு ஒரு பயணம்' என்னும் நாவலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பள்ளிவாசலிலும் மராபார்க் குகையிலும் நீதிமன்றத்திலும் நின்றுவிடுகின்றனர். குகையின் எதிரொலிக்குத் தத்துவப் பொருள் காண முயன்ற கட்டுரைகள் எண்ணிறந்தன. கதைநாயகனான அஸீஸ் ஒரு வைத்தியன் என்பதும், அவன் நாள்தோறும் உழைக்கும் இடம் சந்திரபூர் மின்டோ வைத்தியசாலை என்பதும் அக்கட்டுரைகளில் தற்செயலான செய்திகளாகவே வந்து போகின்றன. நாம் இங்கு அவ்வைத்தியசாலையின் வாயிலாகவே நாவலுள் நுழைய விரும்புகின்றோம். போர்ஸ்டரின் பலமும் பலவீனமும் ஒருசேர வெளிப்படும் இடம் அதுவே என்பது நமது கருத்து.

மின்டோ வைத்தியசாலையின் தலைவன் மேஜர் கலண்டர். வைத்தியனுக்கு மேஜர் என்ற பட்டம் எங்ஙனம் வந்தது என்று இன்றைய வாசகர் கேட்கலாம். இந்திய வைத்திய சேவை அடிப்படையில் இராணுவத்துக்கென அமைந்தது. அதன் உத்தியோகத்தர் இராணுவப் பதவிப் பெயர்களுடனேயே மாவட்ட வைத்தியசாலைகளிலும் தலைமை வகித்தனர். அச்சேவைக்கு 1855இல் இலண்டனில் போட்டிப் பரீட்சை நடைபெறலாயிற்று. அவ்வாண்டிலேயே சூர்ஜோ குமார் குடீவ் சக்கரவர்த்தி என்னும் வங்காளத்தவர் அதில் தேறினார். கதவு திறந்திருந்தது உண்மை. ஆனால் அக்கதவு இருந்தது இலண்டனில். கப்பலேறப் பொருளில்லாத இந்திய வைத்தியர் மிகப் பலருக்குக் கிடைத்தவை மேஜரின் கீழுள்ள உதவிப் பதவிகளே. எனவே கலண்டரின் கட்டளையில் வைத்தியத் தலைவனின் குரலோடு படைத்தலைவனின் குரலும் ஒலிக்கின்றது. ஒழுங்கு என்று அவன் சொல்லும்போது பாசறை ஒழுங்கே அவன் மனத்தில் இருக்கின்றது.

இதனைப் போர்ஸ்டர் நுட்பமாகவே கண்டிருக்கின்றார். நண்பன் ஹமீதுல்லா வீட்டில் விருந்துண்ணும் அஸீசுக்கு மேஜரிடமிருந்து துண்டொன்று வருகின்றது: உடனே வரவேண்டும். காரணம் சொல்லப்படவில்லை. வழியில் சைக்கிள் கெட்டு, வாடகை வண்டி பிடித்து அவன் சென்றடையும்போது, மேஜர் அரைமணி நேரத்துக்கு முன்பே புறப்பட்டுவிட்டான். ஒரு சொல்லும் விட்டுச் செல்லவில்லை. இரண்டு ஆங்கிலப் பெண்கள் அஸீசை ஏறிட்டும் பாராது அவனுடைய வண்டியிலேறிப் போய்விடுகின்றனர். நடந்து களைத்தவன் பள்ளிவாசலில் இளைப்பாறுகின்றான். அங்கேதான் மூர் அம்மையாரைச் சந்திக்கின்றான். இலக்கிய உலகு புகழ்ந்து பேசும் அச்சந்திப்பு ஓர் உத்தியோக அவமதிப்பின் விளைவாகும் என்பதை எத்தனை பேர் கவனித்தனர்? மறுநாட் காலை மேஜர் அவனை நிறுத்தி விசாரணை செய்கின்றான். கெட்ட சைக்கிளும் பிடித்த வண்டியும் அவனுக்குச் சாக்குப் போக்குகளாகவே படுகின்றன. தான் செய்தி விடாது சென்றது பற்றி அவனுக்குக் கூச்சமேயில்லை. தாமதம் கீழோனுக்கு மட்டுமே உரிய குற்றம் போலும்!

இந்த ஒழுங்கின் அடியிலே கிடப்பது யாது? அதையும் ஒரேயொரு வரியளவில் போர்ஸ்டர் திறந்து காட்டுகின்றார். முந்திய ஆண்டில் கிரேஸ்போர்ட் அம்மையாருக்குக் குடல்வால் சத்திரசிகிச்சையைத் தானே செய்யாது அஸீசைக் கொண்டு செய்வித்திருந்தால் அம்முதியவர் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்பது கலண்டரின் நெஞ்சுக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே அவன் அஸீசை மேலும் வெறுக்கின்றான். நாவல் முழுவதிலும் எம்மை மிகவும் உலுக்கிய செய்தி இதுவே. ஓர் உயிர் போயிருக்கின்றது. அவ்வுயிரும் ஆளும் இனத்தைச் சேர்ந்தது. பதவி கத்தியைப் பிடித்தது. திறமை அருகில் நின்று பார்த்தது. குடியேற்ற ஆட்சி சுதேசிகளுக்கு மட்டுந்தான் கேடு செய்தது என்று எண்ணுவோர் இவ்விடத்தை ஒருமுறை மீண்டும் படித்தல் நன்று. அஸீசைக் குறையற்ற வைத்தியனாகப் போர்ஸ்டர் படைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவனுடைய கை தேர்ந்தது. ஆனால் அன்றாடச் சுகாதார விதிகளில் அவனுக்குச் சலிப்பு. பிறருக்குக் குடற்காய்ச்சல் தடுப்பூசி போட்டுவிட்டுத் தான் வடிகட்டாத நீரைக் குடிப்பான். இக்குறை கலண்டரின் குறையை மறைக்காது. பாத்திரத்துக்கு உயிர் தருகின்றது.

இனி டாக்டர் பன்னாலாலிடம் வருவோம். இவனும் அதே வைத்தியசாலையில் கலண்டரின் கீழ் வேலை செய்பவன்; அஸீசிலும் மூத்தவன்; அவன்மீது பொறாமை கொண்டவன். அஸீஸ் உண்மையிலேயே நோயுற்றுக் கிடக்கின்றானா அல்லது வேலைக்குக் கள்ளமடிக்கின்றானா என்று பார்த்துவர மேஜர் அனுப்புவது இவனைத்தான். சுரமானியை வைத்துக்கொண்டு ஒரு வைத்தியன் இன்னொரு வைத்தியனை வேவு பார்க்கும் காட்சி சிரிப்பை மூட்டுவது. ஆயினும் கசப்பான சிரிப்பு. கோள் சொல்லப் பன்னாலாலுக்கு ஆசைதான். ஆனால் தனக்கும் ஒருநாள் படுக்கையில் கிடக்கத் தேவை வரலாம் என எண்ணுகின்றான். அன்றியும், சுதேசிகளைப் பற்றி எத்தீமையையும் நம்பும் மேஜர், ஒரு சுதேசி இன்னொருவனைப் பற்றிச் சொல்லும் கோளை மட்டும் நம்புவதில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். கீழோரை ஒருவரோடொருவர் மோதவிட்டு, இருவரையும் சம அளவில் இகழும் மேலிடத்தின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. கந்தோரிலும் பாடசாலையிலும் சம்பளத்துக்கு உழைப்போர் இவ்விடத்தைப் படிக்கும்போது தம் மேலதிகாரிகள் சிலரை நினைத்துக்கொள்வர்.

இத்தனை தெளிவாகக் கண்ட போர்ஸ்டர் இறுதியில் சறுக்குவதே நமது முறைப்பாடு. அஸீஸ்மீது வழக்குத் தொடரப்பட்டபோது, வெள்ளையரை மகிழ்விக்கலாம் என்ற நம்பிக்கையாலும் பழைய பகையாலும் பன்னாலால் அரசு தரப்புச் சாட்சியாகத் தன்னை ஒப்புக்கொடுக்கின்றான். வழக்கு முறிந்துவிடுகின்றது. நவாப் பகதூரின் பேரன் நூருதீன் விபத்தில் காயமுற்று மின்டோ வைத்தியசாலையில் கிடக்கின்றான். அவனைக் கலண்டர் வதைத்ததாகப் பரவிய வதந்தியினால் வெகுண்ட கூட்டம் வைத்தியசாலையை நோக்கித் திரள்கின்றது. அப்போது கலண்டர் வாயிலில் இல்லை. கூட்டத்தின் முன் அகப்பட்டவன் பன்னாலால். அவன் மன்னிப்புக் கேட்கின்றான். கோமாளி போலக் கூத்தாடுகின்றான். தன் குடையைத் தானே மிதிக்கின்றான். தன் மூக்கில் தானே குத்துகின்றான். கூட்டம் சிரிக்கின்றது; ஆத்திரம் தணிகின்றது; நூருதீன் வெளியே கொண்டுவரப்படுகின்றான்; வைத்தியசாலை தப்புகின்றது.

இவ்விடத்தில் கதைசொல்லியின் குரல் குறுக்கிட்டு ஒரு தீர்ப்பு வழங்குகின்றது. பன்னாலால் இழிந்த பிறப்பினன்; ஆகவே இழப்பதற்கு அவனிடம் மானம் என்று ஒன்றில்லை; இத்தகையவனின் சிறுமையில் இரங்கத்தக்கது எதுவுமில்லை என்ற பொருள்பட அக்குரல் பேசுகின்றது. முன்னரும் ஓரிடத்தில் அவனது தாழ்ந்த குலம் அவனுடைய ஐயப்படும் குணத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றது. பாத்திரமொன்று இவ்வாறு கூறியிருந்தால் நாம் அதனை அப்பாத்திரத்தின் குறையாகக் கொள்வோம். இங்கோ கூறுபவர் ஆசிரியர். கலண்டரின் பொறாமைக்குப் பதவியையும் ஆட்சியையும் காரணமாகக் காட்டத் தெரிந்தவர், பன்னாலாலின் பொறாமைக்குப் பிறப்பைக் காரணமாகக் காட்டுவது எந்த நியாயம்? அஸீசும் பன்னாலாலும் போட்டியிடுவது ஏன்? தலைமைப் பதவி இருவருக்கும் எட்டாதது. எஞ்சியிருப்பது மேஜரின் தயவு ஒன்றே. பசித்த இருவர் நடுவே ஒரு பிடி சோற்றை எறிந்துவிட்டு, அடிபடுபவர்களில் ஒருவன் குலம் தாழ்ந்தவன் என்று குறிப்பெழுதுவது யதார்த்தமாகாது. பிறப்பைக் கொண்டு மானத்தை அளக்கும் கோல் எமது ஊர்களிலும் நெடுங்காலம் புழங்கியது. அதன் அடியை அறிந்த ஈழத்து வாசகர் இவ்வரிகளைக் கடந்து போதல் எளிதன்று.

ஒப்புநோக்குக்கு ஜோர்ஜ் ஓர்வெல் 1934இல் வெளியிட்ட 'பர்மா நாட்கள்' நாவலைச் சற்றே கருதலாம். அதில் வரும் டாக்டர் வீராசாமி, பெயரைக் கொண்டு நோக்கின் தென்னாட்டவன். வைத்தியசாலைக்கும் சிறைச்சாலைக்கும் பொறுப்பானவன். அவனுக்கு எதிரி வைத்தியன் அல்லன்; சுதேச நீதவான் ஒருவன். மொட்டைக் கடிதங்களும் சூழ்ச்சியும் அவனைச் சூழ்கின்றன. காப்பாற்றி வந்த வெள்ளை நண்பன் இறந்ததும் அவன் உதவி வைத்தியனாகப் பதவி இறக்கப்பட்டு மாண்டலேக்கு மாற்றப்படுகின்றான். ஓர்வெல்லிடமும் சுதேசிகளைப் பற்றிய கோணற் பார்வை இல்லாமலில்லை. எனினும் வீராசாமியின் வீழ்ச்சிக்கு அவனது குலத்தை அவர் சாட்டவில்லை. ஆட்சியின் இயந்திரத்தையே காட்டுகின்றார்.

மின்டோ வைத்தியசாலையில் நோயாளர் ஏறக்குறையக் காணப்படுவதில்லை என்பதும் நம் கவனத்துக்குரியது. மருந்துக்கு வரிசையில் நிற்கும் ஏழைகளை நாவல் காட்டுவதில்லை. முகம் சிதைந்த நூருதீன் ஒருவனே நமக்கு ஓரளவு தெரியவரும் நோயாளி. அவனும் நவாபின் பேரன். அவனுடைய அழகு அழிந்ததைக் கலண்டர் தன் இனத்தார் நடுவே சொல்லிச் சிரிக்கின்றான். அந்த இளைஞனுக்கு முகக்கண்ணாடியைக் கொண்டுபோய்க் காட்டியவன் பன்னாலால் என்பதும் அப்பேச்சிலேயே வெளிப்படுகின்றது. சிரித்தவன் கலண்டர், கண்ணாடி பிடித்தவன் பன்னாலால், கூட்டத்தின் முன் மூக்கில் குத்திக்கொண்டவனும் பன்னாலாலே. அஸீஸ் சந்திரபூரை விட்டுச் சுதேச சமஸ்தானமொன்றுக்குப் போய்விடுகின்றான். அங்கே ஆயுதங்களைத் துருப்பிடிக்க விட்டு, தன் சிறு வைத்தியசாலையை அரைகுறையாக நடத்துகின்றான். பன்னாலாலுக்கு அவ்வாறு போக இடமுண்டா? கூட்டம் கலைந்தபின், குடையை மிதித்த அம்மனிதன் மறுநாட் காலையில் அதே மேஜரின் முன்னால் போய் நிற்க வேண்டியவன். அந்த மறுநாளைப் போர்ஸ்டர் எழுதவில்லை.