தறி நின்ற பிறகு

பேய்ப்படம் பார்க்க இருட்டு இருந்தால் போதும் என்பார்கள். எங்கள் சேவூர்ப் பக்கம் இருட்டுக்குப் பஞ்சமில்லை, கிடைக்காதது அமைதிதான். அவிநாசி, தெக்கலூர், சோமனூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க விசைத்தறி. நள்ளிரவிலும் தறிக்குடோன்கள் தடதடத்துக்கொண்டே இருக்கும். அதற்கு நடுவே படத்தில் கதவு கிறீச்சிட்டால் யாருக்குக் கேட்கும்? தீபாவளி நோம்பிக்குத்தான் தறி நிற்கும். பனியன் கம்பெனி ஆட்கள் போனஸ் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் பஸ் ஏறி, வெடிச்சத்தமும் அடங்கிய பிறகு வரும் ராத்திரிகளை நான் பேய்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். மேல்நாட்டில் அக்டோபர் 31 ஹாலோவீன். நமக்கு ஐப்பசி அமாவாசை. 2024இல் தீபாவளியே அக்டோபர் 31இல்தான் வந்தது.

அமைதியைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. நம் நல்ல பேய்ப்படங்கள் காது வழியாகத்தான் உள்ளே வருகின்றன. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) படத்தில் வின்சென்ட்டின் கேமரா பாழடைந்த ஜமீன் பங்களாவில் நிழல்களை எழுப்பிக் காட்டுகிறது. ஆனால் முற்பிறவியை இழுத்துவருவது படத்தின் தலைப்புப் பாட்டுத்தான். 'யார் நீ?' (1966) படத்திலும் அப்படியே. வெள்ளைப் புடவை உருவத்தைவிட, தூரத்தில் எங்கிருந்தோ வரும் பி. சுசீலாவின் குரல்தான் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த 'விடாது கருப்பு' தொடரில் நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் குதிரைக் குளம்பொலியை வைத்தே குழந்தைகளைப் போர்வைக்குள் அனுப்பினார்கள். ஊர் எல்லையில் கருப்பராயனைக் கும்பிட்டு வளர்ந்த கொங்குப் பிள்ளைகளுக்கு அது கதையாகவே தோன்றியதில்லை.

என் மனசுக்கு மிக நெருக்கமானது அறிவழகனின் 'ஈரம்' (2009). அதில் பேய்க்கு முகம் தேவைப்படவில்லை, தண்ணீர் போதும். கதவிடுக்கில் கசியும், தரையில் ஊரும், ஒரு துளியாகத் தொங்கும். ஒளிப்பதிவாளர் மனோஜ் பரமஹம்சா படத்தின் நிகழ்காலம் முழுவதையும் மழைமேகச் சாம்பலில் முக்கி எடுத்திருக்கிறார். அந்தச் சாம்பலுக்கு நடுவே சிவப்பு தென்படும்போதெல்லாம் அடுத்து என்ன என்று உடம்பு தானாக இறுகும். இப்படி நம்மைப் பழக்கியது எந்தக் காட்சி என்று யோசித்தால் பிடிபடாது. பழைய காதல் காட்சிகளில் மட்டும் வெளிச்சம் இதமாக விழுகிறது. அந்த இதம் இல்லாவிட்டால் கதாநாயகியின் சாவு நம்மை இவ்வளவு வருத்தாது. பயத்தின் அடியில் துக்கம் கிடக்க வேண்டும். மிஷ்கினின் 'பிசாசு' (2014) அதை இன்னும் தூரம் கொண்டுபோனது. அரோல் கொரேலியின் வயலின்கள் பேய்க்காகவே அழுகின்றன.

கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (அக்டோபர் 2012) வேறு வித்தை. ஒரு பங்களா, ஒரு டார்ச், விஜய் சேதுபதி. டார்ச்சின் வட்டத்துக்குள் இருப்பதைப் பார்த்து நாம் பயப்படுவதில்லை, வட்டத்துக்கு வெளியே இருப்பதுதான் பயம். எங்கே இசையை நிறுத்த வேண்டும் என்று சந்தோஷ் நாராயணனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த நிறுத்தங்களைக் கேட்பதற்காகவே தறி ஓய்ந்த ராத்திரி வேண்டும்.

கூட்டத்தோடு பார்க்க வேண்டியவையும் உண்டு. 'காஞ்சனா' (2011) வீட்டில் தனியாகப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். அலறலும் சிரிப்பும் விசிலும் சேர்ந்து எழும் தியேட்டரில்தான் அது முழுப் படம். ஸ்பெயினில் சிட்ஜெஸ் என்ற கடலோர ஊரில் 1968 முதல் இப்படிப்பட்ட படங்களுக்கென்றே விழா நடக்கிறது, அதுவும் அக்டோபரில்தான். தமிழ்ப் பேய்ப்படங்களை மட்டும் திரையிட ஒரு விழா நம் பக்கம் வந்தால் நான் முதல் வரிசையில் இருப்பேன்.

வீட்டிலேயே பார்ப்பதற்கென்று பிறந்த படம் விக்ரம் கே. குமாரின் 'யாவரும் நலம்' (2009). புது ஃப்ளாட்டுக்குக் குடிவரும் குடும்பம். பால் திரிந்துபோகிறது, லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் இயங்க மறுக்கிறது. பெண்கள் தினமும் பார்க்கும் டிவி சீரியலில் அந்தக் குடும்பத்தின் கதையே நடக்கத் தொடங்குகிறது. பி.சி. ஸ்ரீராம் பாழடைந்த பங்களா எதையும் தேடிப்போகவில்லை. ஹால், பூஜையறை, அடுப்படி, நம் எல்லார் வீட்டிலும் இருப்பவைதான். அந்தச் சீரியல் ஒளிபரப்பாவது பகல் ஒரு மணிக்கு. இதைத்தான் நான் பெரிதாக ரசிக்கிறேன். உச்சிவேளையில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று சொல்லி வளர்த்த மண் இது. நம் பேய்கள் ராத்திரிக்காகக் காத்திருந்ததே இல்லை.

ஆகவே நோம்பிக்கு மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் சரியாக ஒரு மணிக்கு அதைப் போடுங்கள். ஜன்னலை அடைக்க வேண்டாம். வருஷக்கணக்காகச் சீரியல் பார்த்துப் பழகிய அத்தை, சின்னம்மா யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் யாரைக் குறிவைத்து எடுக்கப்பட்டது என்று அவர்களுக்கு நம்மைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும்.