வளைவுச் சுவர்: ரெவிட், ஸ்கெட்ச்அப் இரண்டில் எது கைகொடுக்கும்?

வட்டச் சுவர் எழுப்பும் கொத்தனார் மையத்தில் முளையடித்து, ஆரத்தின் அளவுக்கு நூல் பிடித்து வரிசை வரிசையாகச் செங்கல் வைக்கிறார். மையம், ஆரம் ஆகிய இந்த இரண்டு விவரங்களும் திரையிலிருந்து கட்டுமான இடம்வரை சேதமில்லாமல் போய்ச் சேர வேண்டும். வடிவமைப்பு மென்பொருளின் வளைவுச் சுவர்க் கருவியை இந்த அளவுகோலால்தான் எடைபோட வேண்டும். திரையில் தெரியும் வழவழப்பை நம்பினால் ஏமாறுவோம்.

ஸ்கெட்ச்அப்பை எடுத்துக்கொள்வோம். நாம் மாற்றாதவரை அது வட்டத்தை 24 நேர்கோடுகளாகவும் வில்லை 12 நேர்கோடுகளாகவும் வரைகிறது. 3 மீட்டர் ஆரமுள்ள வட்ட அறையில் ஒவ்வொரு கோட்டின் நடுப்பகுதியும் உண்மையான வட்டத்திலிருந்து சுமார் 26 மி.மீ. உள்வாங்கிவிடும். சுவர்ப் பூச்சின் வழக்கமான கனமே 12 மி.மீ.தான். தரைப்பரப்பும் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைத்துக் காட்டப்படும். கோடுகளை 96 ஆக்கினால் விலகல் 2 மி.மீ.க்குள் அடங்கிவிடுமே என்று கேட்கலாம். அடங்கும், ஆனால் முகங்கள் நான்கு மடங்காகிக் கோப்பு கனக்கும். திருத்தத்துக்காக வில்லை உடைத்துவிட்டால் ஆரமும் போய்விடும். உதிரிக் கோடுகள்தான் மிஞ்சும்.

ரெவிட் இந்தச் சோதனையில் தேறுகிறது. சுவரை அது மெய்யான வில்லாகவே வைத்திருப்பதால், ஆரத்தை மாற்றியதும் அறையின் பரப்பும் அளவுப் பட்டியலும் கூடவே மாறுகின்றன. 2020 பதிப்பில் நீள்வட்டச் சுவரும் சேர்ந்தது. ரெவிட் தடுமாறுவது திறப்புகளில். 3 மீட்டர் ஆரச் சுவரில் 1.2 மீட்டர் அகல ஜன்னலைப் பொருத்தினால், சட்டம் நேராக நிற்க, நடுவில் சுவரின் முகம் அதைவிட்டு சுமார் 60 மி.மீ. விலகும். ஆரம் 10 மீட்டரானால் விலகல் 18 மி.மீ.தான். இந்த இடைவெளியைப் பற்றி ரெவிட் எச்சரிப்பதில்லை. நேர்ச்சுவரின் விளிம்பை முகப்பில் திருத்துவதுபோல் வளைவுச் சுவரில் திருத்தவும் முடியாது. கண்ணாடித் திரைச்சுவரை வளைவாக வரைந்தாலும், குத்துக்கோடுகளால் பிரிக்கும்வரை அது ஒரே தட்டையான பலகையாக நிற்கும். இதைக் குறை என்று சொல்லமாட்டேன்: வளைத்த கண்ணாடி விலை கூடியது, பெரும்பாலான கட்டடங்களில் பொருத்தப்படுவது தட்டைக் கண்ணாடிதான்.

திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கணினியா வைத்துக்கொண்டு வளைவுச் சுவர்களைக் கட்டினார் என்ற கேள்வி நியாயமானது. அவர் களத்தில் நின்று, தன் கொத்தனார்களோடு சேர்ந்து முடிவெடுத்தவர். வரைபவர் ஓரிடத்திலும் கட்டுபவர் வேறிடத்திலும் இருக்கும்போது அந்த நேரடிப் பேச்சின் வேலையை வரைபடம்தான் செய்தாக வேண்டும். மையம் பக்கத்து மனைக்குள் விழுந்தால் நூல் பிடிக்கவும் வழியில்லை. நாணிலிருந்து குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து குறிக்க வேண்டும். அந்த அளவுகளைப் பிசகின்றித் தருவது மெய்யான வில் மட்டுமே.

ஆகவே யோசனையை உருவமாக்கிப் பார்க்க ஸ்கெட்ச்அப் போதும். கட்டப்போகும் வரைபடத்துக்கு ரெவிட்டே என் தேர்வு. ஆரம் 5 மீட்டருக்குக் குறைந்தால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி விவர வரைபடம் போடுங்கள். 3 மீட்டர் ஆரத்தில் அரைச்செங்கல் சுவரின் குத்து இணைப்புகள் உள்முகத்தைவிட வெளிமுகத்தில் 9 மி.மீ. விரியும் என்பதையும் வரைபடத்திலேயே எழுதுங்கள். இந்த இரண்டையும் எந்த மென்பொருளும் தானாகச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் அதன் செலவு கட்டுபவர் தலையில்தான் விழும்.