சலுகையா, உரிமையா?

நூலை மட்டுமே திறனாய்வு செய்ய வேண்டும் என்ற கட்டளை எங்கும் இல்லை, ஆணையையும் செய்யலாம். ஆளுவோரின் உள்ளம் மேடைப் பேச்சில் மறைந்திருக்கும். அலுவலகக் கடிதத்தின் ஒற்றைச் சொல்லில் வெளிப்பட்டுவிடும். அப்படிப்பட்ட கடிதம் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

2014 ஏப்ரல் 14இல், சென்னை ஐ.ஐ.டி. மாணவர் சிலர் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் அமைத்தனர். சாதி, மொழி, அரசின் பொருளாதாரக் கொள்கை ஆகியவை குறித்துக் கூட்டம் நடத்தினர்; துண்டறிக்கை தந்தனர். அதைப் பொறுக்காத யாரோ டில்லிக்கு மொட்டைக் கடிதம் எழுதினர். அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அதைக் குப்பைக் கூடைக்கு அனுப்பவில்லை. கருத்துக் கேட்டு ஐ.ஐ.டி.க்கு அனுப்பியது. 2015 மே மாதத்தில் வட்டத்தின் ஏற்பு நீக்கப்பட்டது. ஆணை சொன்ன காரணம்: வட்டத்துக்கு அளிக்கப்பட்ட சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தினர்.

சலுகை! இந்தச் சொல்லில்தான் நோயின் வேர் இருக்கிறது. சலுகை என்பது மேலிருப்பவன் மனமிரங்கித் தருவது. மனம் மாறினால் பறித்துக்கொள்வது. உரிமை என்பதோ எவரும் தந்ததன்று. எனவே எவரும் பறிக்கக்கூடியதுமன்று. கூடிப் படிப்பதும், படித்ததை உரைப்பதும், அரசைக் குறை கூறுவதும் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு உறுதி செய்தவை. கல்விக்கூட வாயிலைத் தாண்டி உள்ளே வந்ததும் அவை சலுகைகளாகச் சுருங்கிவிடுமா?

கழகத்தின் பெயரை முன் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை நிருவாகம் காட்டியது. விதி இருக்கட்டும். விதி மீறப்பட்டது என்றால், மீறியதாகச் சொல்லப்படுவோரை அழைத்து விளக்கம் கேட்பதன்றோ முறை? தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தரப்படவில்லை என்றனர் மாணவர்.

எண்ணூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நமக்கு இங்கே ஒன்று தோன்றுகிறது. நம் மாணவரின் தந்தையரில் பலர் ஆலைத் தொழிலாளர். நிரந்தரத் தொழிலாளி ஒருவரை வெளியே அனுப்பவேண்டுமானால், முதலாளி மெமோ கொடுக்கவேண்டும், விளக்கம் பெறவேண்டும், உள்விசாரணை நடத்தவேண்டும். இலாபத்துக்காக நடக்கும் ஆலையிலே போராடிப் பெற்ற இந்த முறை, அறிவுக்காக நடக்கும் நிலையத்திலே இல்லையென்றால், நாகரிகத்தில் உயர்ந்தது எது?

நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2015 சூன் 7இல் வட்டத்துக்கு ஏற்பு மீண்டும் கிடைத்தது. ஆணை பின்வாங்கியது, ஆணையை எழுதிய மனப்பான்மை பின்வாங்கவில்லை. சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2018இல் ஒருநாள் போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக 48 ஆசிரியர் மீது அரசு ஊழியர் நடத்தை விதிகளைக் காட்டிக் குற்றச்சாட்டு தொடுக்கப்பட்டது. சிந்திக்கக் கற்பிப்பவரைக் கோப்பு நகர்த்துபவராகக் கருதும் பார்வை இது! 2024இல் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் தலித் ஆய்வு மாணவர் ஒருவரை ஈராண்டு இடைநீக்கம் செய்தது. டில்லியில் நடந்த மாணவர் பேரணியில் கலந்துகொண்டது அவர்மீது சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று. 2025இல் உச்சநீதிமன்றம், கழிந்த காலமே போதுமென்று, அவர் படிப்பைத் தொடர வழிவிட்டது. ஆனால் இழந்த ஓராண்டைத் திருப்பித் தர எந்த மன்றத்தால் இயலும்?

இவற்றைக் கண்டிக்கும் நாம், அளவுகோலை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளலாகாது. 1965 சனவரி 27இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன், இந்தித் திணிப்பை எதிர்த்த கிளர்ச்சியிலே காவல்துறைத் துப்பாக்கிக்கு இரையானார். அவரைப் போற்றுகிறோம், போற்றவேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் 1971இல், முதலமைச்சர் கலைஞருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்குவதை எதிர்த்து மாணவர் கிளர்ந்தபோது, வளாகத்திலே தடியடி நடந்தது; உதயகுமார் என்ற மாணவர் உயிரிழந்தார். முன்னவர் பெயரை உரக்கச் சொல்லிப் பின்னவர் பெயரை விழுங்கினால், நாம் பேசுவது பகுத்தறிவன்று, கட்சிப் பற்று. ஆட்சி யாருடையது என்று பார்த்துத் தடியின் வலி கூடுவதோ குறைவதோ இல்லை.

வேறு வழியே இல்லையா? உண்டு. 1964இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வளாகத்தில் அரசியல் பணிக்குத் தடை விதித்தது. மாணவர் எதிர்த்தனர், ஏறக்குறைய 800 பேர் கைதாயினர். அதன்பின் ஆசிரியர் பேரவை கூடியது. பேச்சின் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தலாகாது என்ற தீர்மானத்தை 824 பேர் ஆதரித்தனர். எதிர்த்தோர் 115 பேர் மட்டுமே. மாணவரின் பக்கம் ஆசிரியர் நின்றதும் நிருவாகத்தின் பிடி தளர்ந்தது.

நம் நாட்டு ஆசிரியர் செய்யவேண்டியது அதுதான். கூட்டத்துக்கு இடமும் நேரமும் குறிக்கட்டும் நிருவாகம். வன்முறை நடந்தால் விசாரிக்கட்டும். கருத்து எது என்று பார்த்துத் தண்டிக்கும் அதிகாரம் மட்டும் அதற்கு வேண்டாம். விசாரணையில்லாத தண்டனையும் வேண்டாம். இவ்விரண்டையும் ஒவ்வொரு பல்கலைக்கழக விதி நூலிலும் எழுதச்செய்ய வேண்டும்.

அதற்குத் துணிவு வேண்டும், தோழர்களே! கல்லூரிக்குச் செல்லும் இளைஞர் முதலில் தம் நிலையத்தின் விதி நூலைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். அதில் ‘சலுகை’ என்றிருக்கும் இடத்திலெல்லாம் கோடிடட்டும். போராட்டத்தை அங்கிருந்து தொடங்கலாம்.