ஒரே பெயரில் பல சேவைகள்: சிறு வணிகத்தின் அமைப்பும் பெயரும்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் கல்யாண வேலைகளை எடுத்துச் செய்யும் வணிகம் பெரும்பாலும் ஒரு தொழிலில் தொடங்கிப் பலவாகக் கிளைக்கிறது. வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர் சாமியானாவும் நாற்காலியும் வாங்கிப் போடுகிறார். பந்தல் போட்டவர் மேடை அலங்காரத்துக்கும் ஒலி ஒளி அமைப்புக்கும் ஆள் வைக்கிறார். பிறகு சமையல் கான்ட்ராக்ட், போட்டோ, வீடியோ, மணமகள் அலங்காரம், வேன் வாடகை என ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. பலகையில் மட்டும் முதல் நாள் எழுதிய பெயரே இருக்கிறது; அதன் கீழே சேவைகளின் பட்டியல் நீள்கிறது. எல்லாச் சேவைகளையும் ஒரே பெயரில், ஒரே உரிமையாளரின் கீழ், ஒரே கணக்கில் நடத்தும் இந்த வழக்கத்துக்கு நல்ல காரணங்கள் உண்டு. தொழில் வளர்ந்த பின்னரே வெளிப்படும் குறைகளும் உண்டு.

முதல் பலம் நம்பிக்கை. கல்யாணத்துக்கு ஆள் தேடுபவர்கள் விளம்பரத்தைவிட, அண்மையில் கல்யாணம் நடத்திய உறவினரின் சொல்லையே நம்புகிறார்கள். பந்தல் நன்றாக அமைந்தது என்று பேசப்பட்டால், அதே பெயரில் வரும் சமையலுக்கும் பாதி நம்பிக்கை கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு சேவைக்கும் தனிப்பெயர் வைத்தால் இந்த நற்பெயரை ஒவ்வொரு முறையும் புதிதாக ஈட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாவது பலம் வருமானத்தின் சீர்மை. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. ஆனால் ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழாக் காலம். பந்தலுக்கும் ஒலி ஒளிக்கும் அப்போது வேலை இருக்கிறது. சமையல் பிரிவு சும்மா இருக்கும் மாதத்தில் பந்தல் பிரிவின் வரவு கூலிக்குக் கைகொடுக்கிறது.

மூன்றாவது பலம் நிர்வாக எளிமை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு பதிவுதான். எத்தனை தொழில்களை வேண்டுமானாலும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பெயர் பெருகினால் வங்கியில் நடப்புக் கணக்கு தொடங்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக ஆவணம் காட்ட வேண்டிவரும்.

பெயரைப் பிரித்தால் வரி குறையும் என்றொரு எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. சேவை வழங்குவோர் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் பொது விதி. அந்த விற்றுமுதல் பெயர்வாரியாகக் கணக்கிடப்படுவதில்லை. ஒரே பான் எண்ணின் கீழ் வரும் எல்லா வணிகங்களுக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. பந்தலுக்கு ஒரு பெயரும் சமையலுக்கு ஒரு பெயரும் வைத்தாலும், உரிமையாளர் ஒருவரே என்றால் சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றுதான்.

கடன், இழப்பீடு ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். இந்த வழக்கத்தின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. தனியுரிமை வணிகத்துக்கு உரிமையாளரிடமிருந்து பிரிந்த சட்ட உரு கிடையாது. கல்யாணச் சாப்பாட்டால் விருந்தினருக்கு உடல்நலம் கெட்டு, நுகர்வோர் ஆணையம் இழப்பீடு விதித்தால், சமையல் பிரிவின் பணத்தோடு அது நிற்பதில்லை. பந்தல் சாமான், கேமரா, உரிமையாளரின் வீடு வரை அந்தப் பொறுப்பு நீள்கிறது. பலகையில் வேறு பெயர் எழுதியிருப்பது எந்தப் பாதுகாப்பையும் தராது.

கூட்டு வணிகமும் இதற்குத் தீர்வு அல்ல. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, நிறுவனத்தின் கடனுக்குப் பங்காளிகள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. படம் மட்டும் எடுக்கும் பங்காளி, தாம் எட்டிப் பார்க்காத அடுக்களையின் தவறுக்கும் சொந்தச் சொத்திலிருந்து ஈடுசெய்ய நேரலாம். பொறுப்பை வரையறுக்கும் வழிகளுள் இரண்டு: 2008ஆம் ஆண்டின் சட்டம் கொண்டுவந்த வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் அனுமதித்த ஒருநபர் நிறுவனம். இரண்டிலும் ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்யும் செலவு உண்டு. வேலை குறைவாக இருக்கும் சேவைக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

இரண்டாவது குறை கணக்குக் கலப்பு. எல்லா வரவும் ஒரே பெட்டியில் விழும்போது எந்தச் சேவை லாபம் தருகிறது, எது மற்றதைத் தின்கிறது என்பது தெரியாமல் போகிறது. இலைக் கணக்கில் விலை பேசும் சமையலில் காய்கறி விலை ஏறினால் லாபம் ஒரே வாரத்தில் கரையும். வாங்கிய நாற்காலியும் பாத்திரமும் பல ஆண்டுகள் வாடகை ஈட்டும். இவற்றின் வரவு செலவைத் தனித்தனியாக எழுதாத உரிமையாளர், நட்டமான சேவையை விரிவாக்கி லாபமான சேவையைக் கவனிக்காமல் விடுவது நடக்கக்கூடியதே.

எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று ‘பேக்கேஜ்’ பேசுவதிலும் சிக்கல் உண்டு. இயல்பாக ஒன்றோடொன்று இணையாத சேவைகளை ஒரே விலையில் கொடுத்தால், ஜி.எஸ்.டி. சட்டம் அதைக் கலப்பு வழங்கலாகக் கருதி, அவற்றுள் மிக உயர்ந்த வரி விகிதத்தை மொத்தத் தொகைக்கும் விதிக்க இடம் தருகிறது. சமையலுக்கும் படப்பிடிப்புக்கும் வரி விகிதம் வேறு என்பதால், பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனி விலை காட்டுவதே முறை.

மூன்றாவது குறை, பலமாகச் சொன்ன நம்பிக்கையின் மறுபக்கம். நற்பெயர் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது போலவே கெட்ட பெயரும் தாவும். முகூர்த்த நேரத்தில் மைக் நின்றுபோனதை நினைவில் வைத்திருப்பவர்கள், அந்தப் பெயரிடம் சாப்பாட்டையும் ஒப்படைக்கத் தயங்குவார்கள்.

பெயர்த் தேர்வில் மூன்று வகைகள் வழக்கில் உள்ளன. தெய்வப் பெயரும் குடும்பப் பெயரும் முதல் வகை. எந்தச் சேவை சேர்ந்தாலும் இவை பொருந்தும். ஆனால் ஒரே ஊரில் அதே பெயரில் நாலைந்து கடைகள் இருக்கும். பொதுவான பெயருக்குத் தனியுரிமை பெறுவதும் கடினம். ஊதுபத்திக்கு ராமாயணம் என்னும் பெயரைத் தனக்கே உரியதாகக் கோரியவரின் வாதத்தை 2015இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தொழிலைச் சொல்லும் பெயர் இரண்டாம் வகை. ‘கேட்டரிங்’ என்று முடியும் பெயர் வந்தவருக்கு உடனே விளங்கும். பந்தலும் படமும் சேர்ந்த பிறகு அதுவே இடைஞ்சலாகும். ‘என்டர்பிரைசஸ்’, ‘ஏஜென்சீஸ்’ போன்ற சொற்கள் மூன்றாம் வகை. எல்லாவற்றையும் அடக்கும் இச்சொற்கள் எதையும் தெரிவிப்பதில்லை.

பெருநிறுவனங்களிடம் ஒரே பெயர், பல பெயர்கள் என்னும் இரண்டு வழிகளும் காணப்படுகின்றன. 1911இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ்., பேருந்திலிருந்து உதிரிபாகம், இருசக்கர வாகனம், நிதி என விரிந்தபோதும் பல நிறுவனங்களில் அந்த மூன்று எழுத்துகளையே வைத்துக்கொண்டது. முருகப்பா குழுமமோ சோழமண்டலம், கோரமண்டல், பாரி, கார்போரண்டம் யுனிவர்சல் என வெவ்வேறு பெயர்களில் இயங்குகிறது. ஒவ்வொரு பெயரையும் தனியாக வளர்க்கப் பணமும் ஆட்களும் உள்ள இடத்துக்கே இரண்டாவது வழி ஏற்றது. சிறு வணிகத்துக்கு அந்த வசதி இல்லை.

பெயரைக் காப்பதற்கும் செலவுண்டு. வணிகக் குறிகள் பதிவில் பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. போக்குவரத்து 39இலும், படப்பிடிப்பு 41இலும், சமையல் 43இலும், அழகுக்கலை 44இலும் அடங்கும். தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். நான்குக்கும் ஒரே பெயரைப் பதிவு செய்தால் 18,000 ரூபாய். நான்கு தனிப்பெயர்கள் வைத்தாலும் கட்டணம் அதேதான். வளர்க்க வேண்டிய பெயர்கள் மட்டும் நான்காகும். முதன்மைச் சேவையின் வகுப்பில் முதலில் பதிவு செய்து, வருமானம் பெருகப் பெருக மற்றவற்றைச் சேர்ப்பது நடைமுறைக்கு உகந்தது.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், ஒரே பெயரில் பல சேவைகள் நடத்தும் வழக்கம் அடிப்படையில் சரியானது. அந்தப் பெயரின் கீழ் எல்லாவற்றையும் கலந்துவிடுவதே பிழை. தனித்துத் தெரியும் ஒரு மூலப்பெயரும், அதன் பின்னே ‘சமையல்’, ‘பந்தல்’, ‘படம்’ என்னும் எளிய சொல்லும் போதும். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பேரேடும் பில்லில் தனி விலையும் வேண்டும். ஆபத்து மிகுந்த சேவையை, அதன் வருமானம் செலவைத் தாங்கும் நிலைக்கு வந்ததும், பொறுப்பு வரையறுக்கப்பட்ட தனி நிறுவனமாக்க வேண்டும். கல்யாணத் தொழிலில் அப்படி முதலில் பிரிக்கப்பட வேண்டியது சமையல்தான்.