கைப்பிடியின் கால்

டிரில் பிட்டின் நுனியிலிருந்து முதலில் வெள்ளைத் தூள் வந்தது. கிரானைட். முக்கால் அங்குலம் போனதும் தூள் சாம்பலானது. கிரானைட்டுக்கு அடியில் போட்ட சிமெண்ட் கலவை. அப்புறம் சிவப்பு. கிரானைட் பதிப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் படிகளில் இருந்தது ரெட் ஆக்ஸைடு தரை. அதுதான் வருகிறது என்று நினைத்தேன். ஆனால் அது இரண்டு நூல் கனம்தானே, உடனே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பிட் முழுக்க உள்ளே போகும்வரை செங்கல் பொடிதான் கொட்டியது.

புதிய ஸ்டீல் கைப்பிடியின் முதல் காலை ஆங்கர் போல்ட் போட்டு நிறுத்த வேண்டிய இடம் அது. கான்கிரீட் படி என்று நம்பி முப்பது வருஷத்துக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறோம். நம் பக்கத்துத் தனி வீடுகள் பலவற்றில் அடியிலுள்ள சாய்வுத் தளம் மட்டும்தான் கான்கிரீட். அதன் மேல் படிகளைக் கொத்தனார் செங்கல் அடுக்கிக் கட்டி, பூசி, மட்டம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மேலிருந்து மிதிக்கும் பாரத்துக்கு அது தாராளமாகப் போதும். ஓரத்தில் போல்ட்டை முடுக்கி, அதில் ஒரு மனிதரின் எடையைப் பக்கவாட்டில் இழுக்கவிட்டால் போதாது.

மாடிப்படிக் கைப்பிடியை நாமே மாற்றிவிடலாமா என்று கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. ஒரு டிரில், ஒரு கிரைண்டர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும் என்பவர்கள் ஒரு பக்கம். அதெல்லாம் ஆள் வைத்துச் செய்கிற வேலை, விட்டுவிடு என்பவர்கள் மறுபக்கம். இரண்டு பேரும் கைப்பிடியை ஒரே பொருளாகப் பார்க்கிறார்கள். அதற்குக் கால் உண்டு, உடம்பு உண்டு, கை படுகிற தலை உண்டு. மூன்றுக்கும் ஒரே தீர்ப்பு செல்லாது.

காலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். படியில் கால் வழுக்கிய ஒருவர் 90 செ.மீ. உயரத்திலுள்ள கைப்பிடியைப் பற்றி 60 கிலோ விசையில் பக்கவாட்டில் இழுக்கிறார் என்று வையுங்கள். தூணின் அடித்தகடு நாலு அங்குலச் சதுரம். தூண் சாயப் பார்க்கும்போது தகட்டின் ஒரு விளிம்பு அழுந்தும், எதிர்ப்பக்கத்து போல்ட்டுகள் மேலே பிடுங்கப்படும். விளிம்புக்கும் அந்த போல்ட்டுகளுக்கும் இடையே 8 செ.மீ. இருக்கும். 60-ஐ 90-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 675. அறுபது கிலோ இழுப்பு அடியில் 675 கிலோவாகிவிடுகிறது. கடப்பாரையால் பாறையைக் கிளப்புகிற அதே கணக்கு. இங்கே கடப்பாரை தூண், பாறை நம் படி.

இனி போல்ட்டைப் பார்ப்போம். கடையில் கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது மூன்று அங்குல ஆங்கர். அதில் கிரானைட்டும் கலவையுமாக ஒன்றே முக்கால் அங்குலம் போய்விடும். அந்த இரண்டும் அலங்காரத் தோல். அவற்றை நம்பி ஒன்றையும் தொங்கவிட முடியாது. மிச்சம் ஒன்றேகால் அங்குலம். அதுவும் எங்கள் வீட்டில் செங்கல்லில். விரிந்து பிடிக்கிற ஆங்கர் சுற்றியுள்ளதை வெளிப்பக்கம் நெட்டித் தள்ளித்தான் பிடிக்கிறது. படியின் ஓரத்தில், விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்தில், செங்கல்லுக்குள் அதை முடுக்குவது செங்கல்லைப் பிளப்பதற்குச் சமம். முடுக்கிய அன்று கல் மாதிரி நிற்கும். ஆறு மாதம் பிள்ளைகள் பிடித்து ஆட்டியபின் லேசாக ஆடத் தொடங்கும். அடியில் ஒரு வாஷரைச் செருகி மறுபடி முடுக்குவோம்.

ரசாயனப் பசை ஆங்கர் இதற்கு மேல். அது நெட்டித் தள்ளாது, ஒட்டிப் பிடிக்கும். ஆனால் துளையை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் பசை ஒட்டுவது தூளில்தான், சுவரில் இல்லை. அதற்கும் துளை செங்கல்லைத் தாண்டிக் கான்கிரீட்டைத் தொட்டிருக்க வேண்டும்.

இங்கே ஆள் வைத்துச் செய்யச் சொல்கிறவர்களையும் சும்மா விட முடியாது. அடிக்கு இவ்வளவு என்று பேசி வரும் ஸ்டீல் வேலைக்காரர்களும் அதே மூன்று அங்குல ஆங்கரைத்தான் அதே ஓரத்தில் போடுகிறார்கள். ஒரு நாளில் முடித்து, பஃபிங் போட்டுப் பளபளக்கவிட்டுப் போகிறார்கள். தூள் என்ன நிறம் என்று நின்று பார்க்க அவர்களுக்கு நேரம் இல்லை. சொந்தமாகச் செய்கிறவருக்கு இருக்கிற ஒரே உண்மையான அனுகூலம் அந்த நேரம்தான். பணம் மிச்சம் என்ற வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கருவி வாங்கிய செலவையும், தப்பாக வெட்டி வீணான குழாயையும் சேர்த்தால் அது கரைந்துபோகிறது.

பழைய கைப்பிடியைப் பற்றிச் சொல்லவில்லையே. 1988-இல் அப்பா வைத்தது. 12 மி.மீ. சதுரக் கம்பிகள், நாலு படிக்கு ஒரு தடித்த கால், மேலே பட்டை இரும்பு, அதன்மேல் தேக்குச் சட்டம். பட்டையின் அடியிலிருந்து திருகாணி ஏற்றித் தேக்கைப் பிடித்திருக்கிறார்கள். இதைப் பிடுங்கிவிட்டுத்தான் ஸ்டீல் போடுவதாக இருந்தது. சிவப்புத் தூளைப் பார்த்தபின், இது மட்டும் எப்படி இத்தனை நாள் ஆடாமல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு காலைத் தோண்டினேன். அரை நாள் ஆயிற்று. அந்த இடத்தில் செங்கல்லே இல்லை. பெயர்த்து எடுத்துவிட்டுச் சாய்வுத் தளம் வரை ஜல்லி கான்கிரீட் நிரப்பியிருக்கிறார்கள். கம்பியின் நுனியை இரண்டாகப் பிளந்து, மீன்வால் மாதிரி இருபுறமும் விரித்து அதற்குள் புதைத்திருந்தது. பட்டறைக்காரர் யாரென்று அம்மாவுக்கே நினைவில்லை. அந்தக் காலை நான் தோண்டியிருக்க வேண்டியதில்லை. திரும்பக் கான்கிரீட் போட்டு ஏழு நாள் தண்ணீர் ஊற்றினேன்.

அதன் இடத்தில் வருவதாக இருந்தவற்றின் தகுதியையும் பார்த்துவிடலாம். ஸ்டீல் குழாயில் 202, 304 என்று இரண்டு தரம் புழங்குகிறது. 304-இல் நிக்கல் எட்டு சதவீதத்துக்கு மேல். 202-இல் நாலிலிருந்து ஆறு, குறைகிற இடத்தை மாங்கனீஸ் நிரப்புகிறது. கடைக்காரர் காந்தத்தை ஒட்டிக் காட்டி, பிடிக்கவில்லை பாருங்கள், ஒரிஜினல் என்பார். இரண்டையுமே காந்தம் சரியாகப் பிடிக்காது. அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை. கடலோரம் குடியிருந்தால் 202-இல் டீக்கறை போலப் புள்ளிகள் விழத் தொடங்கும். மெல்லிய குழாயை வீட்டு ஆர்க் மெஷினால் பற்றவைத்தால் ஓட்டை விழும், அதற்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும். ஆக ஸ்டீல் கைப்பிடியில் 'நாமே செய்வது' என்பது பெரும்பாலும் அடுத்தவர் பற்றவைத்துக் கொண்டுவந்ததை நாம் துளையிட்டு நிறுத்துவது. நமக்குச் சரியாக வராத வேலை எதுவோ அதுவே நம் பங்குக்கு வருகிறது. குறுக்குக் குழாய்கள் மூன்று ஓடுகிற வடிவத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஏணி.

கண்ணாடியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. டஃபன் செய்தபின் அதை வெட்டவும் முடியாது, துளையிடவும் முடியாது. படியின் சாய்வை அரை டிகிரி தப்பாக அளந்தால் புதிதாகத்தான் செய்யக் கொடுக்க வேண்டும். உடைந்தால் ஒரே நொடியில் முழுப்பலகையும் பொடியாகி, அந்த இடம் திறந்த வெளியாகிவிடும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்த லாமினேட்டட் வகை மட்டுமே உடைந்தும் நிற்கும். இதில் கை போடுகிற ஆசை யாருக்கும் வேண்டாம்.

அப்படியானால் பழையதே குறையில்லாததா? இல்லை. அதன் குறை உயரத்தில் இருக்கிறது, அந்தக் குறையைப் பாதி நாங்களேதான் உண்டாக்கினோம். அப்பா வைத்தபோது 33 அங்குலம். 2009-இல் படிகளுக்குக் கிரானைட் போட்டபோது படி ஒன்றே முக்கால் அங்குலம் மேலே வந்தது, கைப்பிடி இருந்த இடத்தில் இருந்தது. இப்போது 31¼. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016 பதிப்பு படியின் நடுவிலிருந்து 1000 மி.மீ. என்கிறது, அதாவது 39 அங்குலத்துக்குச் சற்று மேல். எட்டு அங்குலம் குறைவு. உயரமானவர் நிலை தடுமாறினால் இது அவர் இடுப்புக்குக் கீழே நின்று அவரைக் கவிழ்த்துவிடும். இரண்டாவது குறை இடைவெளி. கம்பிகளுக்கு நடுவே ஐந்தரை அங்குலம். அமெரிக்க, பிரிட்டிஷ் விதிகள் ஏறக்குறைய நாலு அங்குலப் பந்தை அளவாக வைத்து, அது நுழையக் கூடாது என்கின்றன. குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மட்டும் மாட்டிக்கொள்ளும் இடைவெளி எங்களுடையது.

இரண்டு குறைக்கும் மருந்து உடம்பில்தான், காலில் இல்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் இன்னொரு கம்பி. கால்களின் தலையில் எட்டு அங்குலத் துண்டு சேர்த்துப் பட்டையை உயர்த்துவது. அளப்பது, வெட்டுவது, துண்டுகளை எண் போட்டு அடுக்குவது, தூக்குகுண்டு பிடித்து நேர் பார்ப்பது எல்லாம் நான் செய்தேன். பற்றவைக்க மட்டும் பட்டறையிலிருந்து ஒருவரை ஒரு நாளுக்கு அழைத்தேன். பழைய இரும்பில் நானும் பற்றவைத்துப் பார்த்தேன். மணி கோத்த மாதிரி அழகாக விழுந்தது; சுத்தியலால் ஓங்கித் தட்டியதும் முழுசாகக் கழன்று விழுந்தது. மேலே ஒட்டியிருந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. இதில் கிரைண்டர் இன்னும் மோசமான கூட்டாளி, நல்ல பற்றையும் கெட்ட பற்றையும் ஒரே மாதிரி வழவழப்பாக்கிவிடும்.

பெயின்ட் வேலை நம்முடையதுதான், ஒரு நிபந்தனையோடு. பழைய எனாமலில் ஈயம் இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்வதே புத்தி. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் வந்து 2017 நவம்பரில்தான் அமலானது. 1988 கைப்பிடியில் உலர்ந்த உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூளை வீடே சுவாசிக்கும். நனைத்துத் தேய்க்கும் எமரித்தாளும் ஈரத்துணியும் வேண்டும். பற்றவைக்கிற இடங்களில் முன்கூட்டியே பெயின்டை முழுக்க எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் புகையாக வரும். அப்புறம் ரெட் ஆக்ஸைடு, அதன்மேல் எனாமல்.

இவ்வளவு வேலைக்கும் பிறகுதான் ஒன்று உறைத்தது. அம்மாவுக்கு இடத்தோள் உறைந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. ஏறும்போது கைப்பிடி அவள் வலப்பக்கம், சிரமமில்லை. இறங்கும்போது அதே கைப்பிடி இடப்பக்கம் வந்துவிடுகிறது. இறக்கத்தில்தான் பயம் அதிகம், அங்கே நல்ல கைக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. சுவரைத் தடவிக்கொண்டு இறங்குகிறாள். அந்தச் சுவரில் தோள் உயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு இருந்தது, இரண்டு முறை வெள்ளையடித்தும் திரும்ப வந்தது. ஸ்டீலா கண்ணாடியா என்று மாதக்கணக்கில் பேசியவர்கள் யாரும் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை, நான் உட்பட.

சொந்தக் கையால் செய்யத் தகுந்த வேலை அந்தச் சுவரில் இருந்தது. கடைசல் பட்டறையில் ஒன்றரை அங்குலத் தேக்கு உருளை. விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் கனம். சுவருக்கும் உருளைக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடம். மூன்றடிக்கு ஒரு பிராக்கெட், பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் இரண்டு அங்குலமாவது இறங்கும் திருகாணிகள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்பதால் இது சரி. மெல்லிய தடுப்புச் சுவரோ இலேசான பிளாக் சுவரோ என்றால் மறுபடி யோசிக்க வேண்டும். அதே கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம். அதே 60 கிலோ. ஆனால் நெம்பும் நீளம் மூன்றடி அல்ல, பிராக்கெட் துருத்தி நிற்கும் ஏழரை சென்டிமீட்டர். பிராக்கெட்டின் உயரம் ஏழு. திருகாணியில் வரும் பிடுங்கு விசை 65 கிலோவுக்குள். அங்கே 675, இங்கே 65. புதிதாகக் கைவேலை பழகுகிற ஒருவர் பிழை செய்ய இடமிருப்பது இங்கேதான்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி: உடம்பைத் திருத்தலாம், தலையை மாற்றலாம், சுவரில் இன்னொன்று வைக்கலாம், வைத்தே ஆக வேண்டும். ஆடாமல் நிற்கிற பழைய கால்களை அழகுக்காக அறுக்கக் கூடாது. அறுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடியில் இருப்பது கான்கிரீட்டா என்று ஒரு துளை போட்டுப் பார்த்தபின் பேசலாம், அதுவும் பொறியாளர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

என் வேலைக்கு முழு மதிப்பெண் போட மாட்டேன். லேண்டிங் திரும்புகிற மூலையில் சுவர்க் கைப்பிடியின் இரண்டு துண்டுகளும் சேரவில்லை. இரண்டு சாய்வும் ஒரு திருப்பமும் சந்திக்கிற அந்த முடிச்சை அறுக்க மூன்று முறை முயன்று, நாலடித் தேக்கைப் பாழாக்கியதுதான் மிச்சம். இப்போது அங்கே ஒரு சாண் இடைவெளி. இறங்கி வரும் கை அந்த இடத்தில் ஒரு கணம் காற்றைப் பிடிக்கிறது. ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். எந்தச் செவ்வாய் என்று சொல்லவில்லை.