பால்மரம் எந்தத் திணைக்குக் கருப்பொருள்?

நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்து மரமும் விலங்கும் புள்ளும் தொழிலும் கருப்பொருள்; மாந்தர்தம் ஒழுக்கம் உரிப்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்ததைப் பயிற்சிக் காலத்தில் நாம் அனைவரும் மனனம் செய்தோம். குறிஞ்சிக்கு வேங்கை, மருதத்திற்கு மருது, நெய்தலுக்குப் புன்னை. ஆயின் நம்மில் பலர் பிறந்து வளர்ந்த நிலத்தின் மரம் இவற்றுள் ஒன்றுமன்று. அது பால்மரம். அது எந்தத் திணைக்குக் கருப்பொருள்? இவ்வினாவை என் உள்ளத்தில் முதன்முதல் எழுப்பியது தமிழ் நூலன்று. சீன ஓவியர் ஒருவரின் கண்காட்சி.

அண்மையில் ஆசிரியர் நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, “சீனர் வரைந்த தோட்டக் கதை நமக்கெதற்கு?” என்று கேட்டார். அன்று எனக்கு விடை தோன்றவில்லை. இக்கட்டுரை அவருக்குரிய மறுமொழியென்றே வைத்துக்கொள்ளலாம்.

1960இல் பினாங்கில் பிறந்த வோங் ஹோய் சியோங், அமெரிக்காவில் இலக்கியமும் கல்வியியலும் ஓவியமும் பயின்று திரும்பியவர். (கல்வியியல் கற்ற ஓவியர் என்பதால் நம் இனத்தவர் என்று கொள்ளவும் இடமுண்டு!) ‘குடிபெயர்ந்தோரும் ரப்பர் மரங்களும்’ என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயரில் 1996இல் அவர் நடத்திய கண்காட்சி கோலாலம்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் இடம்பெற்றது. இரயில் நிலையத்திற்கு எதிரே, பழைய மெஜெஸ்டிக் விடுதிக் கட்டடத்தில் கலைக்கூடம் இயங்கிய காலம் அது. கிள்ளானிலிருந்து பேருந்தேறி, பிரிக்பீல்ட்ஸில் நண்பர் ஒருவரைக் கண்டுவிட்டு, வெயிலில் நடந்தே சென்றேன். பயிற்சி முடித்துத் தோட்டப் பள்ளியொன்றில் சேர்ந்திருந்த புதிது.

உள்ளே நுழைந்ததும் நான் செய்த முதல் வேலையை இன்று நினைத்தால் நாணமாக இருக்கிறது. தமிழ் முகம் எத்தனை என்று எண்ணத் தொடங்கினேன். நம்மவர் வியர்வையில் வளர்ந்த மரத்தைப் பிறர் தம் கதையாக்கிக் கொண்டாரோ என்ற ஐயம். ஓவியர் தம் குடும்ப வரலாற்றை அடிப்படையாகக் கொண்டே அவ்வரிசையை வரைந்திருந்தார். ஆளுயரத் தாள்கள், கரிக்கோல், இடையிடையே நகற்பொறியில் படியெடுத்து ஒட்டிய படங்கள். வண்ணம் என்பதே இல்லை.

என்னைத் தடுத்து நிறுத்தியவை தலைப்புகள். ‘பதினான்கு வயதில் மணம் முடித்தாள், பதினான்கு பிள்ளைகள் பெற்றாள்’ என்பது ஒன்று. ‘சிலர் மலாயாவைக் கனவு கண்டனர், சிலர் பிரிட்டனைக் கனவு கண்டனர்’ என்பது மற்றொன்று. இவற்றில் ஒப்பாரி இல்லை, வாழ்த்தும் இல்லை. கிராணி தம் பேரேட்டில் எழுதிவைக்கும் குறிப்பைப் போல் வறண்டு கிடக்கின்றன. தோட்ட வாழ்வைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளை எண்ணிப் பார்த்தேன். அட்டையும் கொசுவும், கண்ணீரும் செந்நீரும், ‘அந்தோ!’ என்ற விளியும் இன்றி நமக்கு ஒரு பத்தி நகர்வதில்லை. அழுகை தவறென்று சொல்லவில்லை. அழுகை முந்திக்கொண்டால் காட்சி மறைந்துவிடுகிறது. வோங் அழாமல் கணக்குச் சொல்கிறார். அழுவது பார்ப்பவன் பொறுப்பாகிறது.

அவர் கையாண்ட கருவிகளையும் நோக்குதல் வேண்டும். கரிக்கோல் என்பது எரிந்த மரம். மரத்தால் வாழ்ந்தவரை மரக்கரியாலேயே வரைந்திருக்கிறார். நகற்பொறியோ அரசு அலுவலக முகப்பில் நின்ற எளியவர் அனைவருக்கும் பழக்கமான பொறி. பிறப்புப் பத்திரத்தின் படி, அடையாள அட்டையின் படி, படியின் படி என்று எடுக்க எடுக்க முகத்தின் சாயல் கரைந்து வெறும் கறுப்பும் வெளுப்புமாகி நிற்கும். நினைவும் இவ்வாறே தேய்கிறது. இன்னொன்றையும் ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளலாம். ஆங்கிலேயர் இப்பொருளுக்கு ‘ரப்பர்’ என்று பெயரிட்டதே அது எழுத்தை அழிக்கப் பயன்பட்டதால்தான். 1770இல் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் இப்பயனைக் குறித்து வைத்தார். என் மாணவர் ஒவ்வொருவரின் பென்சில் பெட்டியிலும் ஒரு ரப்பர் உண்டு. மங்கில் பால் சொட்டக் கண்டவர் அவருள் ஒருவரும் இல்லை.

வோங் ஓவியத்தோடு நின்றவர் அல்லர். ஜப்பானியர் காலத்துச் சீனர் படுகொலையைப் பற்றி, உயிர் தப்பியவர்களைப் பேசவைத்து 1990இல் ஒரு காணொளி எடுத்தார். 1994இல் அதே கலைக்கூடத்தில் லாலாங் புல்லை நட்டு வளர்த்து, அதற்கு நஞ்சு தெளித்து, வெட்டி, எரித்துக் காட்டினார். 1987 அக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்ட ‘லாலாங் நடவடிக்கை’யைச் சுட்டியது அது. அரசியல் பொருளைக் கற்றவர் உடனே உணர்ந்திருப்பர். தோட்டத்தானுக்கு வேறொன்று தோன்றும்: முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்த நம் பெண்கள். அவர்கள் தெளித்த பாராகுவாட் மருந்து இந்நாட்டில் 2020இல்தான் தடை செய்யப்பட்டது. ஓவியர் இதனைக் கருதினாரோ இல்லையோ, அப்புல் நமக்கு அதைச் சொல்கிறது.

இனி, மரத்திற்கு வருவோம். 1876இல் விக்ஹம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் விதைகளை இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. சில பேராக்கின் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. ஆகவே இம்மரமும் கப்பலேறி வந்த குடியே. சீனரும் தமிழரும் வந்தேறிகள் என்றால் நாட்டிற்குச் சோறிட்ட மரமும் வந்தேறியே என்பது அக்கண்காட்சிப் பெயரில் அடங்கிய கூர்மையான வாதம். ‘என் மக்கள்’ என்று எந்த இனத்தாரும் தனித்து அமர்ந்து அழ முடியாதபடி, மரத்தையும் மனிதரையும் ஒரே பட்டியலில் அவர் நிறுத்திவிட்டார். தமிழ் முகங்களை எண்ணிக்கொண்டிருந்த என் விரல் அங்கேதான் நின்றது.

எனினும் இந்த ஒப்புமையை நான் முழுதும் ஏற்கவில்லை. மரக்கன்று 22 என்று எண்ணி எழுதி வைத்தார்கள். கங்காணியின் பின்னே வந்தவருக்கு அத்தகைய கவனிப்பு வாய்த்ததா? கன்றுக்கு முன்பணக் கடன் இல்லை. மேலும், பால்மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் ஓய்ந்தால் அவ்விடத்தில் மறுநடவு உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்து மக்களுக்கு மறுநடவு செய்தவர் யார்? புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த இடத்தில் 1998ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டிற்கான அரங்கம் எழுந்தது. நாடு விடுதலை பெற்றபோது எண்ணூறுக்கு மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். அவற்றுட் பல, தோட்டம் மறைந்து வீடமைப்புப் பகுதிக்கு இடம் மாறிய பின்னும், பெயர்ப் பலகையில் ‘லாடாங்’ என்ற சொல்லைச் சுமந்து நிற்கின்றன. தோட்டத்துப் பேச்சில் ‘மரம் வெட்டப் போகிறேன்’ என்றால் பால் எடுக்கப் போகிறேன் என்பதே பொருள். அச்சொல்லின் அகராதிப் பொருள் பிற்காலத்தில்தான் மெய்யாயிற்று.

மற்றொரு குறை மொழி பற்றியது. மரம் வெட்டியவரைப் பற்றிய படங்களுக்கு மரம் வெட்டியவர் படிக்கவியலாத ஆங்கிலத்தில் தலைப்பு. தலைப்பே படத்தின் பாதி உயிர் என்று மேலே சொன்னேன். அவ்வாறாயின் அந்தப் பாதி யாருக்கு?

இதனை நான் உணர்ந்தது என் வீட்டில்தான். ‘பால்மரம் வெட்டுபவருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் திருமணம்’ என்ற பொருளில் ஓர் ஓவியம் அவ்வரிசையில் உண்டு. 1994இல் வரைந்தது. அதன்முன் நான் நெடுநேரம் நின்றதற்குக் காரணம் உண்டு. எனக்கு அப்போது திருமணம் உறுதியாகியிருந்தது. பெண் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று நிரைக்குச் செல்பவள். “படித்த பையனுக்கு மரம் வெட்டுகிற பெண்ணா?” என்று உறவினர் முணுமுணுத்துக்கொண்டிருந்தனர். எங்கள் திருமண நிழற்படத்தில், பால்கறை ஏறிய கைகளை மாலைக்குள் மறைத்தபடியே அவள் நிற்கிறாள்.

பல ஆண்டுகள் கழித்து அத்தலைப்பை அவளுக்குத் தமிழில் சொல்ல முயன்றேன். ‘ஆசிரியருக்கும்’ என்று நான் சொன்னதும் அவள் இடைமறித்து, “மரம் வெட்டுவது யாருங்க, மாப்பிள்ளையா பெண்ணா?” என்று கேட்டாள். ஆங்கிலத் தலைப்பு அதைச் சொல்லவில்லை. மரம் வெட்டுபவர் பெண் என்றே நான் இத்தனை காலம் வாசித்து வந்திருக்கிறேன்.