மூன்று துகள்களும் முடிவிலியும்

ஹைட்ரஜன் அணுவின் மீது ஓர் எலக்ட்ரான் மோதுகிறது. ஒரு புரோட்டான், இரண்டு எலக்ட்ரான்கள், அவ்வளவுதான். இதற்குரிய சமன்பாட்டை ஷ்ரோடிங்கர் 1926-இல் தந்துவிட்டார். சிதறலுக்கான முதல் தோராயத்தை மாக்ஸ் போர்ன் அதே ஆண்டில் தந்தார். ஆனால் அணு உடையும்போது இரு எலக்ட்ரான்களும் எந்தத் திசையில், எவ்வளவு ஆற்றலோடு பிரியும் என்பதைத் தோராயம் நுழைக்காமல் கணக்கிட்டுக் காட்ட 1999 வரை ஆனது.

தாமதத்துக்குக் காரணம் தொலைவு. மின்னூட்டத் துகள்கள் எவ்வளவு விலகினாலும் கூலும் விசை அவற்றை முற்றிலும் விடுவதில்லை. மூன்றும் சிதறியபின் வெகுதொலைவில் அலைச்சார்பு எப்படியிருக்கும் என்று தெரியாமல் கணினியிடம் எதைத் தீர்க்கச் சொல்வது? என் பார்வையில், இத்துறையில் அணுவைவிட முடிவிலியே அதிகத் தொல்லை கொடுத்தது.

வேகமான எலக்ட்ரானுக்குப் போர்ன் தோராயம் போதும். மெதுவாக வருவது அணுவின் எலக்ட்ரானோடு இடம் மாறிக்கொள்ளும், அணுவை உருக்குலைக்கும். 1930-களில் மாஸியும் மோரும் மொத்த அலைச்சார்பை அணுவின் நிலைகளாகப் பிரித்து, ஒன்றோடொன்று பிணைந்த சமன்பாடுகளாக எழுதினார்கள். அந்த நிலைகளோ எண்ணற்றவை. அவற்றுக்கு மேலே அயனியாக்கத்தின் தொடர்நிலைகள் வேறு. கீழுள்ள சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டால், அயனியாக்கத்தில் கழிய வேண்டிய பங்கு கிளர்வுக் கணக்கில் ஏறி, விடை மிகையாக வரும்.

அணுக்கரு வினைகளுக்காக விக்னரும் ஐசன்பட்டும் 1947-இல் வகுத்த ஆர்-மேட்ரிக்ஸ் முறையை 1970-களில் பெல்ஃபாஸ்டில் பிலிப் பர்க்கின் குழு அணுக்களுக்குக் கொண்டுவந்தது. அணுவைச் சுற்றி ஒரு கோளம். உள்ளே எல்லாச் சிக்கலும், வெளியே நெடுந்தொலைவு விசைகள் மட்டும். உள்பகுதியை ஒருமுறை தீர்த்துவிட்டால் ஆயிரக்கணக்கான ஆற்றல்களுக்கு விடை மலிவாகக் கிடைக்கும். அயனிகளுக்கு இது பெரிய வரம். வந்த எலக்ட்ரான் அயனியில் சற்றுநேரம் சிக்கி வெளியேறும்போது, மோதல் நிகழும் வாய்ப்பைக் காட்டும் குறுக்குவெட்டுப் பரப்பில் ஊசிமுனைகளாக ஒத்ததிர்வுகள் நெருங்கி நிற்கும். இடையில் சில ஆற்றல்களைத் தாண்டிப் போனால் அவை தப்பிவிடும். வானியலாளர்களுக்குத் தேவையான அயனித் தரவுகளுக்காகத் தொடங்கிய இரும்புத் திட்டம் இம்முறையின் மேல்தான் நின்றது.

1992-இல் ஆஸ்திரேலியாவில் இகோர் பிரேயும் ஆண்ட்ரிஸ் ஸ்டெல்போவிக்ஸும் தொடர்நிலைகளை லாகர் சார்புகளால் எண்ணக்கூடிய போலி நிலைகளாக மாற்றினார்கள். அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட விடை மாறுவது நிற்க வேண்டும். நின்றது. மொத்த அயனியாக்கக் கணக்கும், ஷாவும் சகாக்களும் 1987-இல் பெல்ஃபாஸ்டில் அளந்ததோடு ஒத்துப்போனது. பெல்ஃபாஸ்ட்காரர்களும் போலி நிலைகளைத் தங்கள் முறைக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

இடறியது ஓர் இடத்தில். 54.4 எலக்ட்ரான் வோல்ட்டில் ஹைட்ரஜனை 2பி நிலைக்குக் கிளர்த்தி, சிதறிய எலக்ட்ரானையும் வெளிவரும் ஒளித்துகளையும் சேர்த்து எண்ணும் சோதனை. 1980-ஐ ஒட்டி வெளியான அளவீடுகள் பெரிய கோணங்களில் கணக்கோடு பொருந்தவில்லை. நிலைகளைக் கூட்டினாலும் கணக்கு அசையவில்லை. அத்தகைய நேரத்தில் கோட்பாட்டாளர்தான் தலைகுனிவது வழக்கம். 1997, 98-இல் வந்த புதிய அளவீடுகளோ கணக்கின் பக்கம் நின்றன. இத்துறை நிமிர்ந்தது அப்போதுதான் என்பேன்.

வெகுதொலைவில் அலைச்சார்பு எப்படியிருக்கும் என்ற, மிச்சமிருந்த எல்லைச் சிக்கலை ரெசிக்னோவும் மெக்கர்டியும் அவர்களது சகாக்களும் 1999-இல் சயன்ஸ் இதழில் வேறு வழியாகத் தாண்டினார்கள். குறிப்பிட்ட ஆரத்துக்கு அப்பால் தொலைவையே கலப்பெண் தளத்துக்குத் திருப்பிவிட்டால், வெளியேறும் அலை தேய்ந்து மறைகிறது. விளிம்பில் பூஜ்யம் என்று எழுதினால் போதும். முடிவிலியில் என்ன நடக்கிறது என்ற கேள்வியே எழாது! சமன்பாடுகள்தான் பெருகின, அதற்கு மீக்கணினிகள் வந்திருந்தன.

இன்றைய தலைவலி வேறு. கணக்கீட்டுக் கட்டுரைகளும் பிழை வரம்பு தர வேண்டுமென்று ஃபிசிக்கல் ரிவ்யூ ஏ இதழ் 2011-இல் தலையங்கம் எழுதியது. கட்டப்பட்டுவரும் ஐட்டர் அணுக்கரு இணைவு உலையின் உட்சுவருக்கு டங்ஸ்டனைத் தேர்ந்திருக்கிறார்கள். பிளாஸ்மாவில் கலக்கக்கூடிய அதன் அயனிகளுக்குத் தேவைப்படும் எண்களில் பலவற்றைச் சரிபார்க்கச் சோதனை இல்லை. அதனால் அடிப்படைச் சார்புகளை மாற்றி மாற்றி ஒரே கணக்கைப் பலமுறை ஓட்டி, விடைகள் விலகும் அளவைப் பிழை வரம்பாகத் தருகிறார்கள். இரண்டு நிரல்கள் ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. அணுவை இரண்டும் ஒரே விதமாகத் தவறாக விவரித்திருக்கலாம்.